சிட்டை இல்லாமல் சந்தைக்குப் போகாதீர்கள்: செக்யூரிட்டி பிளஸ் தேர்வுக்கு எதை வைத்துப் படிப்பது?

வந்த கேள்வி இது: "அண்ணே, புதுவயல்ல ஒரு அரிசி ஆலை ஆபீஸ்ல பில், டேலி, கம்ப்யூட்டர் கோளாறு எல்லாம் நான்தான் பார்க்கிறேன். பி.சி.ஏ. முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. செக்யூரிட்டி பக்கம் வேலைக்குப் போகணும், அதுக்கு காம்ப்டியாங்கிற அமைப்பு நடத்துற செக்யூரிட்டி பிளஸ்ங்கிற கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம்னு இருக்கேன். பழைய புத்தகம் ரெண்டு வாங்கிட்டேன். டெலிகிராம்ல நாப்பது ஜிபி வீடியோ இறக்கி வச்சிருக்கேன். ஒருத்தர் ரெண்டாயிரம் ரூபாய்க்கு டம்ப்ஸ், அதான் தேர்வுல வந்த கேள்விகள்னு சொல்றது, தர்றேங்கிறார். இல்ல, கோச்சிங் சேர்ந்துடலாமா? எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். ஆறு மாசம் நேரம் இருக்கு. எதை வச்சுப் படிக்கிறது?"

தம்பி, முதலில் அந்த இரண்டாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியைப் படித்தபோது நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதும் தொழில் பார்த்தவர். கண்ணில் பட்ட தமிழ்ப் புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று எதையும் விடாமல் சேர்த்தார். ஒரு லட்சத்தை ஒட்டிய அந்தச் சேகரிப்பை, 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அவர் சேர்த்தது, பின்னால் வருகிறவர்கள் படிப்பதற்கு. நீங்கள் சேர்த்திருக்கும் நாற்பது ஜிபியை யார் படிப்பதற்கு?

கிண்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே வியாதி எனக்கும் இருந்தது. 2018-இல், இந்தத் தேர்வின் 501 பதிப்பு நடப்பில் இருந்தபோது, நான்கு புத்தகமும் மூன்று வீடியோ தொடரும் வைத்துக்கொண்டு படித்தேன். ஒவ்வொன்றிலும் முதல் மூன்று அத்தியாயம் எனக்கு மனப்பாடம். மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், அதன் வகைகளை நான்கு பேர் வாயால் கேட்டிருந்தேன். டிஜிட்டல் சான்றிதழ் மேலாண்மையை ஒருவர் சொல்லியும் கேட்கவில்லை, ஏனென்றால் அது எல்லாப் புத்தகத்திலும் பின்பாதியில் இருந்தது. 750 எடுத்தால் தேர்ச்சி, நான் எடுத்தது 731. அடுத்த முறை ஒரே புத்தகம், ஒரே நோட்டு. தேறிவிட்டேன். அதற்குப் பிறகு சென்னையில் ஆறு வருஷம் கணினிப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில், எங்கள் பேச்சில் 'சாக்', இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு, இப்போது காரைக்குடிக்கே வந்து வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் சமையல்காரர் முதல் வேலையாக என்ன செய்வார்? எத்தனை பேர், எத்தனை வேளை என்று கேட்டுக்கொண்டு சாமான் சிட்டை போட்டுக் கொடுப்பார். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போவோம். திங்கட்கிழமைச் சந்தைக்குள் சிட்டை இல்லாமல் நுழைந்தவரும் பை நிறையத்தான் வாங்கி வருவார். வீட்டுக்கு வந்து பிரித்தால் மூன்று கிலோ கத்தரிக்காய் இருக்கும், புளி இருக்காது.

இந்தத் தேர்வுக்கும் அப்படி ஒரு சிட்டை உண்டு. 'எக்ஸாம் ஆப்ஜெக்டிவ்ஸ்' என்று காம்ப்டியாவே தன் தளத்தில் இலவசமாகத் தரும் பிடிஎஃப். நீங்கள் வாங்கியவை, இறக்கியவை எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள், இதை மட்டும் எழுதவில்லை. இன்றைக்கே இறக்கி, பக்கத்திலிருக்கும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு வையுங்கள். ஐந்து பகுதி, அதற்குள் 28 நோக்கங்கள், கடைசியில் சுருக்கெழுத்துகளின் பட்டியலும், பயிற்சிக்கு என்னென்ன கருவி வேண்டும் என்ற பட்டியலும் இருக்கும். தேர்வுக் கேள்விகள் இந்த வரம்பை வைத்துத்தான் எழுதப்படுகின்றன.

எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ் 28 சதவீதம். தாக்குதல்களும் பலவீனங்களும் அவற்றைத் தணிக்கும் வழிகளும் 22. நிர்வாகமும் மேற்பார்வையும் 20. ஆர்க்கிடெக்சர் 18. பொதுக் கருத்துகள் 12. 'ஹேக்கிங்' மோகத்தில் வருகிற பிள்ளைகள் அந்த 22-இலேயே குடியிருந்துவிட்டு, 20-ஐச் சீண்டுவதே இல்லை. ரிஸ்க், ஒப்பந்தம், தணிக்கை, கொள்கை என்று பேச்சு வந்ததும் கொட்டாவி. உங்களைப்போல் கணக்குப் புத்தகத்தோடு பழகியவருக்கு உண்மையில் அதுதான் சுலபமான மதிப்பெண்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆலை அலுவலக சர்வரின் மதிப்பு 2,00,000 ரூபாய் என்று வையுங்கள். இடி மின்னலில் மின்னழுத்தம் எகிறினால் பாதி போகும் என்றால், ஒரு தடவை நஷ்டம் 1,00,000. இதற்கு அவர்கள் வைத்த பெயர் எஸ்எல்ஈ. அப்படி நடப்பது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை என்றால், வருஷத்துக்கு 0.2, அது ஏஆர்ஓ. இரண்டையும் பெருக்கினால் வருஷ நஷ்டம் 20,000, இது ஏஎல்ஈ. இந்த ஆபத்தைத் தடுக்க வருஷம் 8,000 ரூபாய் செலவாகிறது என்றால் முதலாளி தலையாட்டுவார். 50,000 என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். இவ்வளவுதான் விஷயம். இதைப் பல புத்தகம் பத்துப் பக்கத்துக்கு இழுக்கும்.

சிட்டையின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால் குறி போடுங்கள். இன்னொருவருக்குத் தமிழில் சொல்லிப் புரியவைக்க முடியும் என்றால் ஒரு டிக். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றால் ஒரு புள்ளி. ஒன்றும் தெரியாது என்றால் வெறுமை. ஒரு மாலை நேர வேலை. அதை முடித்த பிறகு உங்களிடம் இருக்கும் எந்தப் புத்தகம், எந்த வீடியோ உங்களுக்குத் தேவை என்று என்னைக் கேட்கவே வேண்டியிருக்காது.

இப்போது அந்தப் பழைய புத்தகங்கள். அட்டையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 501 என்றால் 2017-இல் வந்தது, 601 என்றால் 2020 நவம்பர். இப்போது நாம் பேசிக்கொண்டிருக்கும் 701, 2023 நவம்பர் 7-ஆம் தேதி வந்தது. 601-ஐ 2024 ஜூலை 31-உடன் நிறுத்திவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாறுகிறது என்பது இதிலேயே தெரிகிறது. ஆகவே பணம் கட்டும் முன் காம்ப்டியா தளத்தில், நீங்கள் படிக்கும் பதிப்பு எப்போது ஓய்வு பெறுகிறது, அடுத்தது வந்துவிட்டதா என்று ஒரு பார்வை பாருங்கள். மேலே நான் சொன்ன சதவீதமெல்லாம் 701-க்கு உரியது. பழைய பதிப்புப் புத்தகங்கள் பாதி விலைக்குக் கிடைப்பது அவை நல்ல புத்தகம் இல்லை என்பதால் அல்ல, காலம் போய்விட்டது என்பதால்.

அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். ஹாஷ் (ஒரு கோப்பின் கைரேகை போன்ற எண்) என்றால் என்ன, பொதுச் சாவி–தனிச் சாவி எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் மூன்று வருஷத்தில் மாறுவதில்லை. ஆனால் அதை முதன்மைப் புத்தகமாக வைத்தால், தேர்வில் இல்லாததையும் படிப்பீர்கள், இருப்பதை விடுவீர்கள். ஸீரோ ட்ரஸ்ட் மாதிரி புதிதாக அழுத்தம் பெற்றவை பழையதில் ஒரு பத்தியாக இருக்கும். ஆக, முதன்மைக்கு நடப்புப் பதிப்புக்கான புத்தகம் ஒன்றே ஒன்று வாங்குங்கள். எந்த ஆசிரியர் என்று கேட்காதீர்கள். கடையில் புரட்டும்போது மூன்றைப் பாருங்கள். அத்தியாயத் தொடக்கத்தில் சிட்டை எண் போட்டிருக்கிறதா? பயிற்சிக் கேள்விக்கு விடை எழுத்து மட்டும் இல்லாமல் மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் எழுதியிருக்கிறதா? நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படித்தால் அகராதி இல்லாமல் முக்கால்வாசி புரிகிறதா? மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம். ஆயிரம் பக்கம் என்பது பெருமையில்லை.

வீடியோவுக்கு வருகிறேன். புரொஃபசர் மெஸ்ஸர் என்று ஒருவர், யூடியூபில் இந்தத் தேர்வுக்கான முழுப் பாடத்தையும் இலவசமாகப் போட்டிருக்கிறார். சிட்டை வரிசையிலேயே போகும், ஒவ்வொரு வீடியோவும் சிறியது, பேச்சு தெளிவு. உங்கள் நாற்பது ஜிபியில் பாதி, திருட்டுத்தனமாக நகலெடுத்த கட்டண வகுப்பாகத்தான் இருக்கும். மனசாட்சிக் கதையைக்கூட விடுங்கள். யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த ஜிப் கோப்பை ஆலையின் பில் போடும் கணினியில் பிரித்து, பாதுகாப்புப் பாடம் படிக்கப் போகிறீர்கள். இதையே தேர்வில் கேள்வியாக வைத்தால் நீங்களே சரியாக விடை போடுவீர்கள்.

வீடியோவில் ஒரு ஆபத்து உண்டு. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். கல்யாண வீட்டில் ஆயா பலகாரம் சுடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கும் கந்தரப்பம் வரும் என்று தோன்றுமே, அந்த மாதிரி. ஒரு வீடியோ முடிந்ததும் நிறுத்திவிட்டு, பார்க்காமல் தமிழில் ஐந்து வரி எழுதுங்கள். எழுத வரவில்லையா, திரும்பப் பாருங்கள். இந்த நோட்டுதான் கடைசி வாரத்தில் உங்கள் புத்தகம்.

இங்கிலீஷ் சுமார் என்றீர்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் வழியில் படித்து வந்த எனக்கும் சறுக்கியது இங்கேதான். தேர்வு தமிழில் இல்லை. அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம். ஆக ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் வண்டி போய்விடும். ஆனால் கருத்தைத் தமிழில் புரிந்துகொள்வதற்கும், கேள்வியை இங்கிலீஷில் வாசிப்பதற்கும் முரண்பாடு இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் பழக வேண்டும்.

கருத்துக்கு நம் வீடுகளைவிடச் சிறந்த பாடப்புத்தகம் எங்கே இருக்கிறது? கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணை வரைக்கும் யாரும் வரலாம். முகப்பில் தெரிந்தவர்கள். வளவுக்குள், அதாவது உள் முற்றத்துக்குள், பங்காளி, சொந்தக்காரர். இரண்டாங்கட்டுக்குள் வீட்டு ஆட்கள். நகை இருக்கும் அறைக்குத் தனிச் சாவி, அதற்குள் பெட்டகத்துக்கு வேறு சாவி. ஒரு கதவை உடைத்தாலும் அடுத்தது நிற்கிறது. 'டிஃபன்ஸ் இன் டெப்த்' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். நெட்வொர்க்கைத் துண்டு துண்டாகப் பிரிப்பதும் இந்த வீட்டின் வரைபடம்தான். 'ஸீரோ ட்ரஸ்ட்' என்றால், வளவுக்குள் வந்துவிட்ட பங்காளியாக இருந்தாலும் ஒவ்வொரு அறை வாசலிலும் மறுபடி யார், எதற்கு என்று கேட்பது. நிஜத்தில் அப்படிக் கேட்டால் சொந்தத்தில் சண்டை வரும். நெட்வொர்க்கில் கேட்டே ஆக வேண்டும்.

கட்டுப்பாடுகளின் வகை என்று ஒரு பகுதி வரும், பலர் குழம்புவது. பூட்டு, தடுப்பது. 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை, பயமுறுத்துவது. கேமரா, கண்டுபிடிப்பது. திருட்டுப் போன பிறகு கதவைச் சரிசெய்வது, திருத்துவது. பூட்டு ரிப்பேர், சாவி செய்ய ஆள் வரும் வரை வாட்ச்மேனை வாசலில் படுக்க வைப்பது, ஈடுகட்டுவது. 'காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்', நெறிப்படுத்துவது. ப்ரிவென்டிவ், டிடரன்ட், டிடெக்டிவ், கரெக்டிவ், காம்பன்சேட்டிங், டைரக்டிவ். ஆறும் உங்கள் மனதில் உட்கார்ந்துவிட்டனவா? இந்த ஆறுக்கும் இங்கிலீஷ் விளக்கத்தை மனப்பாடம் செய்ய நான் ஒரு வாரம் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

என் ஐயா (தாத்தா) சின்ன வயதில் பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். மேலாள் இருப்பார், அடுத்தாள் இருப்பார், எல்லாருக்கும் கீழே பெட்டியடி. பணத்தைக் கொடுக்கிறவர் கையில் பேரேடு இருக்காது, பேரேடு எழுதுகிறவர் கையில் சாவி இருக்காது என்று சொல்வார். 'செப்பரேஷன் ஆஃப் ட்யூட்டீஸ்' என்ற சொல்லைப் புத்தகத்தில் பார்த்ததும் எனக்கு ஐயாவின் குரல்தான் கேட்டது. அந்தக் காலத்து ஏஜெண்டுகள் கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டுக்குத் தொழில் பார்க்க, போனால் மூன்று வருஷக் கணக்கு, முடித்து ஊர் திரும்பி மறுபடி சம்பளச் சீட்டு எழுத வேண்டும். இந்தச் சான்றிதழுக்கும் ஆயுள் மூன்று வருஷம்தான். அதற்குள் 50 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

கருத்து இப்படி. கேள்வி வாசிப்பது வேறு பழக்கம். ஒரு மாதிரி, நானே எழுதியது: "ஆலை அலுவலகக் கணினி ஒன்றில் கோப்புகள் எல்லாம் மறையாக்கப்பட்டு, பணம் கேட்டு ஒரு செய்தி திரையில் நிற்கிறது. நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன? அ. பேக்கப்பிலிருந்து மீட்பது. ஆ. கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டிப்பது. இ. ஆன்டிவைரஸை மறுபடி நிறுவுவது. ஈ. ஊழியர்களுக்குப் பயிற்சி வைப்பது." நான்கும் செய்ய வேண்டியவைதான், அதுதான் சூட்சுமம். 'முதலில்', இங்கிலீஷில் 'ஃபர்ஸ்ட்', என்ற ஒரு சொல் விடையை 'ஆ' ஆக்குகிறது. சம்பவத்தைக் கையாளும் படிகள் ஆயத்தம், கண்டறிதல், ஆராய்தல், கட்டுப்படுத்தல், களைதல், மீட்டல், பாடம் கற்றல் என்று வரிசையாக வரும். கண்டுபிடித்துவிட்டோம், பணம் கேட்டு மிரட்டுகிறது என்றும் தெரிந்துவிட்டது, அடுத்தது கட்டுப்படுத்தல். 'பெஸ்ட்', 'மோஸ்ட் லைக்லி', 'லீஸ்ட்', 'நெக்ஸ்ட்', இந்தச் சொற்களைப் பயிற்சிக் கேள்வியில் பார்த்தவுடன் வட்டம் போடும் பழக்கம் வரட்டும். என்னுடைய 731-க்குக் காரணம் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

கூடவே ஒரு கொசுறு. அந்தக் கணினியை அவசரத்தில் பட்டென்று அணைக்கக் கூடாது. ராம் நினைவகத்தில் இருக்கும் தடயம் மின்சாரம் போனால் போய்விடும். எது சீக்கிரம் அழியுமோ அதை முதலில் எடு என்பது தடயவியலின் அடிப்படை வரிசை.

அடுத்தது கைவேலை. தேர்வில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி மட்டும் வராது. ஃபயர்வால் விதிகளைச் சரி செய், இந்த லாக் கோப்பை (கணினியின் நடவடிக்கைப் பதிவு) பார்த்து எந்தக் கணினியில் தொற்று என்று சொல், எந்தக் கருவியை எங்கே வைப்பாய் என்று இழுத்துப் போடும் செயல்முறைக் கேள்விகளும் வரும். பெரும்பாலும் ஆரம்பத்திலேயே வந்து மிரட்டும். அவற்றைக் குறித்துவிட்டுத் தாண்டிப் போய், மற்றதை முடித்துவிட்டுத் திரும்பி வரலாம். இதற்கு எந்தப் புத்தகமும் போதாது.

செலவும் வேண்டாம். 8 ஜிபி ராம் உள்ள கணினி இருந்தால் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் ஒரு லினக்ஸ் ஏற்றலாம். நெட்வொர்க்கில் போகும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் இறக்கி, உங்கள் போன் வைஃபையில் நீங்களே ஒரு தளத்தைத் திறக்கும்போது என்ன பாக்கெட் போகிறது என்று பாருங்கள். தளத்தின் பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்வி 53-ஆம் போர்ட்டிலும், எச்டிடிபிஎஸ் 443-லும் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனப்பாடம் தேவையில்லை. விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, வேண்டுமென்றே கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாகப் போட்டுவிட்டு, பாதுகாப்பு லாகில் 4625 என்ற எண்ணைத் தேடுங்கள். தோற்ற உள்நுழைவு அது. சரியாக நுழைந்தால் 4624. நான் சாக்கில் இருந்த ஆறு வருஷமும் இந்த இரண்டு எண்களோடுதான் குடும்பம் நடத்தினேன்.

இன்னொன்று, இது ஆலையில் உட்கார்ந்தே செய்யலாம். டேலி பேக்கப் கோப்பு ஒன்றை உங்கள் கணினிக்கு நகலெடுத்து, விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யுட்டில் கட்டளையால் அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷை எடுத்து எழுதி வையுங்கள். பிறகு நகலில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிவிட்டு மறுபடி எடுங்கள். மொத்த எண்ணும் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும். 'இன்டெக்ரிட்டி', அதாவது தரவு மாறாமல் இருப்பது, என்ற அத்தியாயம் அந்த ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதலாளியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சொல்லிவிட்டு என்பதை அழுத்தியே சொல்கிறேன். நெட்வொர்க்கைத் துழாவும் என்மேப் கருவியைக் கற்றுக்கொண்ட கையோடு பக்கத்து ஆலை வைஃபையைத் துழாவிப் பார்க்கும் ஆசை வரும். உரிமையாளர் அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளில் வருகிறது. மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். சொந்தக் கணினி போதாதென்றால், என்மேப் காரர்களே பயிற்சிக்கென்று 'ஸ்கேன்மீ' என்று ஒரு சர்வரைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அதை மிதமாக ஸ்கேன் செய்யலாம்.

நெட்வொர்க்கிங் அடிப்படை எப்படி இருக்கிறது? சப்நெட், ரவுட்டர், ஸ்விட்ச், டிஎச்சிபி என்றால் தடுமாற்றம் என்றால், முதல் ஒன்றரை மாதத்தை அதற்குக் கொடுங்கள். காம்ப்டியாவே நெட்வொர்க் பிளஸும் இரண்டு வருஷ அனுபவமும் இருந்தால் நல்லது என்கிறது, கட்டாயம் இல்லை. அந்தத் தேர்வை எழுத வேண்டியதில்லை. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசப் பாடமும், பாக்கெட் ட்ரேசர் என்ற பாவனைக் கருவியும் கிடைக்கின்றன. ஆலையின் நெட்வொர்க்கையே அதில் வரைந்து பாருங்கள்.

பயிற்சித் தேர்வுகளுக்கும் டம்ப்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கேள்வி என்பது சிட்டையைப் பார்த்து ஒருவர் புதிதாக எழுதியது. டம்ப்ஸ் என்பது உள்ளே போனவர்கள் நினைவில் கொண்டுவந்து விற்கும் கேள்வி, அல்லது அப்படிச் சொல்லி விற்கும் குப்பை. தேர்வுக்கு உட்காரும்போது இத்தகையவற்றைப் பயன்படுத்தவில்லை என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தம் உண்டு. பிடிபட்டால் சான்றிதழைப் பறிக்கலாம், மேற்கொண்டு எழுதத் தடையும் வரலாம். எனக்குத் தெரிந்து இன்னும் நடைமுறையான காரணம், அவற்றின் விடைகள் பல தப்பு. தப்பான விடையைக் காசு கொடுத்து மனப்பாடம் செய்வானேன்? நான் நேர்காணல் எடுக்கும் இடத்தில் அமர்ந்தபோது, டம்ப்ஸில் தேறி வந்தவர்களை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுகொள்ளலாம். 'ஏன்?' என்று கேட்டால் போதும்.

ஆறு மாதத்தில் நான்காவது மாதக் கடைசிக்கு முன் பயிற்சித் தேர்வைத் தொடாதீர்கள். தொட்ட பிறகு, மதிப்பெண்ணைவிடத் தப்பு நோட்டு முக்கியம். தப்பிய ஒவ்வொன்றுக்கும் கேள்வி எந்தச் சிட்டை வரி, நான் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன், சரியானது ஏன் சரி என்று மூன்று வரி. குருட்டாம்போக்கில் சரியானதையும் தப்பாகவே கணக்கில் எழுதுங்கள். ஒரே தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதி 95 வாங்குவதில் ஒன்றுமில்லை, கேள்வி பழகிவிட்டது என்றுதான் பொருள். புதிதாகப் பார்க்கும் கேள்வித் தொகுப்பில் தொடர்ந்து 85-ஐத் தொட்டால் பணம் கட்டலாம். இது என் சொந்த அளவுகோல். உண்மைத் தேர்வின் 750 என்பது 100 முதல் 900 வரையிலான அளவில், ஆகவே அதை நேராகச் சதவீதமாக்கிக் கணக்குப் போட முடியாது.

கோச்சிங் பற்றி: எனக்கு ஒப்புதல் இல்லை, ஆனால் தனியாக உட்கார்ந்து படிக்க வராதவர்களுக்கு ஒரு கட்டாயம் கிடைக்கும், அவ்வளவு. சேரும் முன் ஒரு நாள் வகுப்பில் உட்காரக் கேளுங்கள். நடத்துகிறவர் கடைசியாக எந்தப் பதிப்பை எழுதினார் என்று கேளுங்கள். லேப் உண்டா என்று கேளுங்கள். 'நூறு சதவீதத் தேர்ச்சி உத்தரவாதம்' என்று பலகை இருந்தால் அவர்கள் கையிலிருப்பது என்ன என்று உங்களுக்கே இப்போது தெரியும். அந்தப் பணத்தை இரண்டாவது முயற்சிக்கென்று ஒதுக்குவது மேல். தோற்றால் மறுபடி முழுக் கட்டணம்தான், தள்ளுபடி கிடையாது. இரண்டாவது முயற்சியை உடனே எழுதலாம், மூன்றாவதற்கு 14 நாள் காத்திருக்க வேண்டும்.

கட்டணமே பெரும் பாரம் என்றால் இன்னொரு வாசல் உண்டு. ஐஎஸ்சி2 அமைப்பின் 'சர்டிஃபைட் இன் சைபர்செக்யூரிட்டி', சுருக்கமாக சிசி. இதைவிட மேலோட்டமானது. பத்து லட்சம் பேருக்குப் பயிற்சியும் தேர்வும் இலவசம் என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். நீங்கள் பார்க்கும் நாளில் அது இன்னும் திறந்திருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். தேறிய பிறகு வருஷம் 50 டாலர் பராமரிப்புக் கட்டணம் உண்டு, இதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். வேலைக்கான விளம்பரங்களில் நான் அதிகம் பார்ப்பது செக்யூரிட்டி பிளஸ்தான். உங்கள் நிலையில் நானாக இருந்தால் சிசியின் இலவசப் பாடத்தை ஒத்திகையாக முடித்துவிட்டு இதற்கு வருவேன்.

இந்தியச் சட்டம் இந்தத் தேர்வில் வராது. நேர்காணலில் வரும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி போட்ட உத்தரவுப்படி சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023-ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒரு தடவை புரட்டி வையுங்கள். தேர்வு முடிந்த பிறகு போதும்.

எங்கே எழுதுவது என்று கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். தேர்வு நடத்தும் நிறுவனமான பியர்சன் வியூவின் மையத்தில் எழுதலாம், வீட்டிலிருந்தும் எழுதலாம். வீட்டில் என்றால் அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது, மேஜை மேல் ஒன்றும் இருக்கக் கூடாது, கேமரா முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் "தம்பி, காப்பி குடிச்சியா?" என்று யாராவது வந்தே தீருவார்கள். கரண்ட் வேறு. பஸ் ஏறிப் போனாலும் மையத்தில் எழுதுவதே நிம்மதி. உங்களுக்கு எது பக்கம் என்பதை அவர்கள் தளத்தில் தேடிப் பாருங்கள்.

பதிவு செய்யும்போது பெயரை அடையாள அட்டையில் இருப்பது போலவே போடுங்கள். நமக்கு இனிஷியல் ஒரு தொல்லை. ஆதாரில் அப்பச்சி (அப்பா) பெயர் முழுசாக இருக்கும், பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராகப் பிரிந்திருக்கும், கல்லூரிச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக இருக்கும். எந்த அட்டையை அன்று கையில் கொண்டுபோவீர்களோ, அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. பெயர் ஒத்துப்போகாமல் என்னோடு வேலை பார்த்த ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள், கட்டிய பணம் போனது போனதுதான்.